போர்க்காலப் பலகையும் இரண்டு சொற்களும்

மதிப்பிற்குரிய பாரிஷ் கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். திடலின் ஓரத்தில் வைக்கப்போகும், இரண்டாம் உலகப் போர்க்கால விவசாயம் பற்றிய தகவல் பலகையின் மாதிரி வாசகத்தை வில்லேஜ் ஹால் வாசலில் ஒட்டியிருந்தீர்கள். கருத்து சொல்ல மாதக் கடைசி வரை நேரம் என்று கீழே இருந்தது. அதனால்தான் இந்த மடல். ஆங்கிலத்தில் எழுதியதை உங்கள் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவது, இங்கே இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இருக்கும் என் நண்பர்கள் “ஒரு பலகைக்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்டதால். (அவர்களுக்காக: இங்கே பாரிஷ் என்றால் சர்ச் மட்டும் இல்லை. 1894லிருந்து அது நம் ஊராட்சி மாதிரி ஒரு உள்ளாட்சி. புல் வெட்டுவது, பெஞ்சு போடுவது, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என்று சின்னச் சின்ன வேலைகள்.)

பலகை வேண்டும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். படமும் நன்றாகவே இருக்கிறது: டிராக்டர் மேல் லேண்ட் ஆர்மிப் பெண் (போர்க்காலத்தில் பண்ணை வேலை செய்த பெண்கள் படை அது), பின்னால் கோதுமைக் கட்டுகள். என் ஆட்சேபணை ஒரே ஒரு வாக்கியத்தில்தான். இந்தப் பாரிஷின் விவசாயிகள் ஒரே மனதாக உழுது நாட்டுக்குச் சோறு போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உழுதார்கள், சரி. சோறு போட்டார்கள், அதுவும் சரி. ‘ஒரே மனதாக’ என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள்.

போன குளிர்காலத்தில் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் நம் பாரிஷின் படிவக் கட்டை வாங்கிப் பார்த்தேன். 1941க்கும் 1943க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள சுமார் 3 லட்சம் பண்ணைகளைக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனிப் படிவங்கள், கவுண்டிவாரியாக (கவுண்டி நம் மாவட்டம் மாதிரி), பாரிஷ்வாரியாக. 1086ல் வில்லியம் மன்னர் நாடு முழுக்க எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்குக்கு அடுத்தது இதுதான் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். பிறகு மூடி வைத்துவிட்டார்கள். பொதுமக்கள் பார்க்க முடிந்தது 1992லிருந்துதான்.

படிவங்கள் படிக்கப் படிக்க சுவாரசியம். மண் கனமா, லேசா? சொந்த நிலமா, குத்தகையா? வீட்டுக்குத் தண்ணீர் குழாயில் வருகிறதா, கிணற்றிலா, ஓடையிலா? மின்சாரம் உண்டா? வேலி, வாய்க்கால், வடிகால் எப்படி இருக்கின்றன? முயல், எலி, காக்கைத் தொல்லை எவ்வளவு? எத்தனை குதிரை, எத்தனை டிராக்டர்? முழுநேர விவசாயியா, பொழுதுபோக்குக்குச் செய்கிறவரா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சில கனவான்கள் முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு கட்டம் வருகிறது. நிர்வாகம்: ஏ, பி அல்லது சி. பி அல்லது சி என்றால் காரணம் எழுத வேண்டும். அதற்கு மூன்று காரணங்களை அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். முதுமை. முதலீடு இல்லாமை. மூன்றாவது, தனிப்பட்ட குறைபாடுகள். அடங்கல் பார்த்து வளர்ந்தவன் நான். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அரசாங்கம் எழுதி வைப்பது எனக்குப் புதிதில்லை. விவசாயிக்கே மார்க் போட்டதை இங்கேதான் பார்த்தேன்.

நாடு முழுவதும் 58 சதவீதம் பேருக்கு ஏ, 37 சதவீதம் பேருக்கு பி, 5 சதவீதம் பேருக்கு சி. ஐந்துதானே என்று தோன்றும். 3 லட்சம் பண்ணையில் 5 சதவீதம் என்றால் 15,000 குடும்பம். நம் பாரிஷிலும் சி உண்டு. எத்தனை, எந்தப் பண்ணை என்று இங்கே எழுதப்போவதில்லை.

மார்க் போட்டது யார்? லண்டனிலிருந்து வந்த அதிகாரி இல்லை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் ஒவ்வொரு கவுண்டியிலும் போர்க்கால விவசாயச் செயற்குழு அமைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘வார் ஆக்’ என்றார்கள். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெரிய விவசாயிகளும் நிலக்கிழார்களும். இந்தப் புல்வெளியை உழு, இங்கே உருளைக்கிழங்கு போடு, இந்த வடிகாலை வெட்டு என்று உத்தரவு போடலாம். கேட்காவிட்டால் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், குத்தகைக்காரரை வெளியேற்றலாம். அதை எதிர்த்து முறையிட சுயேச்சையான மன்றம் எதுவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் வயலைப் பார்த்துவிட்டுப் போய் ‘சி’ என்று எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதற்குப் பெயர் ஒரே மனது என்றால் எனக்கு ஆங்கிலம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

உழ மறுத்தவர்கள் எல்லாம் சோம்பேறிகளோ தேசத்துரோகிகளோ இல்லை. அவர்களுக்கு நினைவாற்றல் இருந்தது, அவ்வளவுதான். முதல் உலகப் போரிலும் இதேதான் நடந்தது. 1917ல் கோதுமைக்கும் ஓட்ஸுக்கும் குறைந்தபட்ச விலை உறுதி என்று சட்டம் போட்டார்கள். விவசாயிகள் நம்பி உழுதார்கள். விலை விழுந்ததும் 1921ல் அந்த உறுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடன்பட்டவர்கள் கடனோடு நின்றார்கள். அதன் பிறகு இருபது வருடம் நிலத்தைப் புல்லாக விட்டு, மாடும் ஆடும் மேய்த்து, செலவைக் குறைத்துப் பிழைத்தார்கள். புல்வெளியை உழுதால் ஆள் பிழைப்பான், புல்வெளியை உண்டாக்கப் போனால் ஆள் அழிவான் என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. நல்ல மேய்ச்சல் நிலம் அமைய வருடக்கணக்காகும். அதை ஒரு வாரத்தில் கிழித்துப் போடு என்று காகிதம் வந்தால் வயிறு எரியாதா?

உழுதபின் பாடு தனி. பழைய புல்வெளி மண்ணில் வயர்வேர்ம் என்ற கம்பிப் புழு மண்டிக் கிடக்கும். புல் இருக்கும்வரை புல்லின் வேரைத் தின்னும். உழுது கோதுமை விதைத்ததும் முளைக்கிற பயிரை மண்ணுக்குள்ளேயே தீர்த்துவிடும். மண்ணை எடுத்துச் சலித்து, ஏக்கருக்கு எத்தனை புழு என்று எண்ணுவதற்கே தனியாக ஆட்கள் வைத்தார்கள்.

1939 மே மாதத்திலேயே, போருக்கு முன்பே, புல்வெளியை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு மானியம் என்று அறிவித்தாகிவிட்டது. அப்போது விவசாய மந்திரி ரெஜினால்ட் டோர்மன்-ஸ்மித். இந்தப் பெயரைத் தமிழர்கள் வேறு இடத்தில் கேள்விப்பட்டிருக்கலாம். 1941ல் பர்மாவுக்கு ஆளுநராகப் போனவர் இவர்தான். மறுவருடம் ஜப்பானியர் வந்தபோது பர்மாவிலிருந்து நம்மவர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், பலர் காட்டு வழியே நடந்தே. ஆளுநர் சிம்லா போய்ச் சேர்ந்தார். பலகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பெயரைப் படிவக் கட்டுகளுக்கு நடுவே நினைத்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பக்கம் புரளவில்லை.

நம் ஹாம்ப்ஷயர் கவுண்டிக்கு வருவோம். 1940 ஜூலையில் இட்சன் ஸ்டோக் கிராமத்தில் நடந்தது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அறுபதைத் தாண்டிய ஒரு விவசாயி. 4 ஏக்கரை உழச் சொல்லி உத்தரவு வந்தது, மறுத்தார். வெளியேறச் சொன்னார்கள், அதற்கும் மறுத்து வீட்டுக்குள் துப்பாக்கியோடு கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் சூழ்ந்தது. அவரும் சுட்டார், அவர்களும் சுட்டார்கள். அவர் இறந்துபோனார். தன் ஊரில், தன் வீட்டில், தன் நாட்டுப் போலீஸ் கையால். போர்க்கால ஹாம்ப்ஷயரின் கதையில் அவரும் ஒரு ஆள்.

சரி, இவ்வளவு கெடுபிடி தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவைதான் என்பேன். போருக்கு முன் இந்த நாடு தின்ற உணவில் மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்தது. அந்தக் கப்பல்களை நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தன. அரசாங்கம் தயங்கிக்கொண்டு நிற்க நேரமில்லை. 1939ல் சுமார் 1 கோடியே 30 லட்சம் ஏக்கராக இருந்த உழவு நிலம் 1944ல் 1 கோடியே 90 லட்சத்தைத் தாண்டியது. போர் முடியும்வரை ரொட்டிக்கு ரேஷன் வரவில்லை. (1946ல், போர் முடிந்த பிறகு வந்தது என்பது வேறு வேடிக்கை.) எனக்கு இதெல்லாம் பெரிய சாதனையாகவே படுகிறது. ஆனால் உத்தரவாலும் மானியத்தாலும் பயத்தாலும் நடந்த வேலையை மனமொத்து நடந்தது என்று எழுதினால், மனம் ஒவ்வாமலும் உழுதவரின் வேலை கணக்கில் வராமல் போகிறது. விருப்பத்தோடு உழுதவரைவிட அவருக்குத்தான் அது கஷ்டமாக இருந்திருக்கும்.

டிராக்டர் மேல் இருக்கும் பெண்ணைப் பற்றியும் ஒன்று. லேண்ட் ஆர்மியில் 1943ல் 80,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். தொடக்கத்தில் வாரக் கூலி 28 ஷில்லிங், அதே வேலைக்கு ஆண்களுக்கு அதைவிட அதிகம். படை கலைக்கப்பட்டது 1950ல். அரசாங்கம் அவர்களுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்தது 2008ல். படத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், அதை மாற்றச் சொல்லவில்லை. கூலியை மட்டும் படத்துக்குக் கீழே போடுங்கள். 1941லிருந்து இத்தாலியப் போர்க்கைதிகளும், கடைசியில் ஜெர்மானியர்களும் இங்கிலாந்தின் வயல்களில் அறுவடை செய்தார்கள். வாசகத்தில் அவர்களைக் காணோம். ஒரு வரி போதும்.

‘சி’ வாங்கிய பண்ணைகளின் பெயரைப் போட வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், கடையில் எனக்குப் பால் எடுத்துத் தருகிறவர் உட்பட. அதற்குப் பதில் எழுத்து நிரப்பாத படிவம் ஒன்றைப் பெரிதாக்கி, அந்த மூன்று காரணங்கள் தெரியும்படி பலகையில் போடலாம். பக்கத்தில் நம் பாரிஷின் வரைபடம். அந்தக் கணக்கெடுப்புக்காக ஒவ்வொரு பண்ணையின் எல்லைக்கும் வண்ணம் தீட்டிய வரைபடங்கள் கியூவில் இருக்கின்றன. இப்போது நான் நாயைக் கூட்டிப் போகும் மேட்டு நிலம் அதில் யாருடைய வண்ணத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு மொபைலில் எடுத்த படங்களை அச்செடுத்துக் கொண்டு வருகிறேன். பெயர் உள்ள இடங்களை மறைத்துவிட்டேன். எழுத்து மங்கலாக இருக்கிறது. ஹாலில் ஜன்னலோர விளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை. அதற்குள் அதை மாற்றி வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆலமரம் இல்லாத இந்த ஊரின் ஒரு குடியிருப்பாளன்