அப்பாவுக்கு, ஃபின்லாந்து எஸ்போவிலிருந்து

அப்பா,
நல்லா இருக்கீங்களா? பருப்புப்பொடி பார்சல்ல நீங்க வச்ச லெட்டர் வந்து மூணு வாரமாச்சுங்கப்பா. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன், திட்டாதீங்க.

நான் இங்க என்னதான் பண்றேன்னு பெரியப்பா கேக்கறாராமே, பசை காய்ச்சறான்னு சொல்லிருங்க, பொய்யில்ல. நம்ம புகளூர் பேப்பர் மில்லுல கரும்புச் சக்கைய வேகவச்சா கறுப்பா ஒரு தண்ணி பிரியும்ல, இங்க பைன் மரத்துல அதே கதை. மரத்துல கால்வாசி லிக்னின்தான், நாரைப் பிடிச்சு நிறுத்தறதே அது, ஆனா பெரும்பாலும் பாய்லர்லதான் எரிக்கறாங்க. கறுப்புத் தண்ணில கார்பன் டை ஆக்சைடு விட்டா பால் மாதிரி திரியும், வடிச்சு ஆசிட் தண்ணில அலசிக் காயவச்சா காப்பிப்பொடி கலர்ல தூள். ப்ளைவுட் ஒட்டற பிசின்ல, பெட்ரோலியத்துல இருந்து எடுக்கற ஃபீனால்ங்கற கெமிக்கல்ல ஒரு பங்கைக் குறைச்சிட்டு இதைப் போடலாம், ஆனா இது சோம்பேறி, இறுக நேரமெடுக்கும். போன வாரம் அவசரப்பட்டு சூட்டை ஏத்தினேன், மொத்தமும் கட்டியாகி கலக்கற கம்பி உள்ளயே மாட்டிக்கிச்சு, அரை நாள் உளியால கொத்தினேன்.

கீழ்வீட்டுத் தாத்தா ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசினதில்ல, அன்னைக்கு லிஃப்ட்ல என் ஜாக்கெட்டை மோந்து பாத்துட்டு "வனேரி?"ன்னாரு. அப்படின்னா ப்ளைவுட், அந்த ஃபேக்டரில வேலை பாத்தவராம்! மறுநாள் கதவுல ஒரு பை, உள்ள அரிசிக்கஞ்சி வச்ச ரொட்டி. உப்பு சப்பில்ல, உங்க பருப்புப்பொடி தூவித்தான் சாப்பிட்டேன்.

மூணு மணிக்கே இருட்டிருது. ஒரு மில்லுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, இறங்கினதும் எல்லாரும் மூக்கைப் பொத்தினாங்க, எனக்கு மட்டும் நீங்க டிவிஎஸ்ஸோட பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரியே இருந்துச்சு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.

இங்க கோட்காங்கற ஊர்ல சுனிலா மில்லுல 2015லயே வருஷத்துக்கு 50,000 டன் லிக்னின் எடுக்கற அளவுக்கு ஆரம்பிச்சாங்க, 2023ல அந்த மில்லையே மூடியாச்சு. எங்க ப்ராஜெக்ட்டும் மார்ச்சோட முடியுது, அடுத்தது வந்துரும், அம்மாகிட்ட சொல்லாதீங்க. இந்த மாசம் பணம் கொஞ்சம் லேட்டாகும், பேங்க்ல ஏதோ பிரச்சனை.

தங்கச்சி கல்யாணத்துக்குன்னு கிழக்கால காட்டை விக்கவே வேணாம், கெணத்துப் பாதை அதுலதான இருக்கு. அட்வான்ஸ் எதுவும் வாங்கிராதீங்க. பத்திரத்தை அண்ணன்கிட்ட குடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பின்பக்கமும் சேர்த்து, போன தடவை பாதிதான் வந்துச்சு.