தீபாவளித் தேதி தடுமாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி ஆண்டுக்கொரு தேதியில் வருவதால் விடுமுறைக்குத் திட்டமிட முடியவில்லை, அக்டோபர் கடைசி ஞாயிறு என்று நிரந்தரமாக்கிவிட்டால் என்ன என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பஞ்சாங்கக்காரர்கள்தான் குழப்புகிறார்கள் என்று ஒரு குட்டும் வைத்திருந்தார். குட்டு தப்பான தலையில் விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குகிற, மலேசியாவின் எல்லா இனத்தார் பண்டிகைகளையும் குறித்திருக்கும் குதிரைக் காலண்டரின் மூன்று ஆண்டுத் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31, 2026இல் மார்ச் 21. சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10, ஜனவரி 29, பிப்ரவரி 17. நம் தீபாவளி அக்டோபர் 31, அக்டோபர் 20, நவம்பர் 8. பெருநாள் பின்னோக்கியே நடக்கிறது. மற்ற இரண்டும் பின்வாங்கி, பிறகு ஒரே தாவலாக முன்னே வருகின்றன.

காரணம் எளிது. மூன்றும் நிலாக் கணக்கில் வருபவை. அமாவாசைக்கு அமாவாசை சுமார் 29½ நாள். பன்னிரண்டு சேர்த்தால் 354. சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைகிறது. இஸ்லாமிய நாள்காட்டி அந்தக் குறையை அப்படியே விட்டுவிடுவதால், பெருநாள் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2004 முதல் 2006 வரை தீபாவளியும் பெருநாளும் அடுத்தடுத்து வந்ததும், பக்கத்து மலாய்க் கம்பத்து (கிராமத்து) வீடுகளுக்கு முறுக்கு போய், மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நாமும் சீனர்களும் 19 ஆண்டுக்கு 7 மாதம் கூட்டிச் சூரியனோடு கணக்கை நேர்செய்துகொள்கிறோம். 2026 தீபாவளியும் வழக்கம்போல் 11 நாள் பின்வாங்கியிருந்தால் அக்டோபர் 9 வாக்கில், புரட்டாசியிலேயே வந்திருக்கும். ஐப்பசிப் பண்டிகையைப் புரட்டாசி விரதத்துக்கு நடுவில் யார் கொண்டாடுவது? பொங்கலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது முழுக்கச் சூரியன் கணக்கு.

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சிறுவயதில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுவதும் இருண்டுவிடும். சித்ரா பௌர்ணமித் திருவிழா முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது கைவிளக்கு தேவைப்படாது. பால்மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை நிலா வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க விடியுமுன் எழுந்தால், குழாயடி இருக்கும் இடமே தெரியாது. சம்பளம் துரை மாதத்தில், சாமி நிலா மாதத்தில் என்பார் என் அம்மா. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகாத நாளையும் அமாவாசையையும் அவர் ஒரே சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார். இரண்டிலும் பிசகியதில்லை.

அந்த வாசகர் கேட்டபடியே வைத்துப் பார்ப்போம். 2026 அக்டோபரின் கடைசி ஞாயிறு 25ஆம் தேதி. மறுநாள் பௌர்ணமி. அமாவாசையை ஒட்டி வரும் நரக சதுர்த்தசியின் இருட்டுக்காக ஏற்றுகிற அகல்விளக்கை, தலைக்கு மேல் ஏறத்தாழ முழு நிலவு நிற்கும்போது வாசலில் வைக்கச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்