சுரண்டாமல் போடும் தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் மழைநீர் வீட்டுக்குள் புகும்போதெல்லாம் ஏரி ஆக்கிரமிப்பு, வடிகால் அடைப்பு என்று பேசுகிறோம். இரண்டும் உண்மைதான். ஆனால், வாசலுக்கு வெளியே ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும் சாலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு முறை தார் போட்டால் சுமார் 4 செ.மீ. உயரும். பழையதைச் சுரண்டாமல் நான்கு முறை போட்டால் 16 செ.மீ.; வீட்டுப் படி ஒன்று அப்படியே காணாமல் போகிறது. தார்ச் சாலையின் மேலேயே சிமென்ட் சாலை போட்டால் ஒரே தடவையில் அவ்வளவு உயரம். புதிதாகக் கட்டுபவர்கள் முன்னெச்சரிக்கையாக மூன்று, நான்கு அடி மண் கொட்டி உயர்த்திவிடுகிறார்கள். பக்கத்துப் பழைய வீடு பள்ளமாகிறது. வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்கள். இல்லாதவர்கள் வாசலில் செங்கல் அடுக்கித் தடுப்பு கட்டுகிறார்கள்.

2011-ல் மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தபோது சேர்ந்த மடிப்பாக்கம், உள்ளகரம் போன்ற பகுதிகளில் இது இன்னும் கடுமை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான தரை என்பதால் அங்கே 10 செ.மீ. கூடப் பெரிய வித்தியாசம்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு தெளிவாகவே அறிவுறுத்தினார். தவறு நடப்பது தெருவில். தாரைச் சுரண்டி எடுக்கும், இரண்டு மீட்டர் அகல உருளை கொண்ட பெரிய மில்லிங் இயந்திரம் குறுகலான தெருவில் திரும்பாது. உடனே ஜேசிபியைக் கொண்டுவருகிறார்கள். அதன் பற்கள் தாரோடு ஜல்லிப் படுகையையும் பெயர்க்கும், வீட்டுக் குடிநீர்க் குழாயையும் உடைக்கும். அந்தப் பயத்தில் மேலோட்டமாகக் கீறிவிட்டு மேலே தார் போட்டுவிடுகிறார்கள். அரை மீட்டர் உருளை கொண்ட சிறிய இயந்திரங்கள் இருக்கின்றன. குறுகிய தெருக்களுக்கு அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றி இயந்திரம் போகாது, அங்கே பிரேக்கர் என்ற உடைப்புக் கருவியைக் கையில் பிடித்துத்தான் உடைத்தெடுக்க வேண்டும்.

ஓரத்தை யாரும் கவனிப்பதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 5 மீட்டர் அகலத் தெருவில் 2.5 சதவீதச் சரிவு வைத்தால், நடுப்பகுதியைவிட ஓரம் 6 செ.மீ.க்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வடிகாலின் பக்கத் துளைக்குப் போகும். பல தெருக்களில் புதுத் தார் அந்தத் துளையின் பாதியை மூடிக்கொண்டு நிற்கிறது. வடிகால் உள்ளே காலியாக இருக்க, தண்ணீர் வீட்டு கேட்டுக்குள் திரும்புகிறது.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு 20 மீட்டருக்கும் சுற்றுச்சுவரில் பெயின்ட் கோடு போட்டு, கோட்டிலிருந்து சாலை வரையிலான உயரத்தை அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். சுரண்டிய பின் ஒரு முறை, தார் போட்ட பின் ஒரு முறை அதே கோட்டிலிருந்து அளக்க வேண்டும். இதற்கு ஒரு டேப் போதும், தெருவாசிகளே உடன் நின்று சரிபார்க்கலாம். முதல் அளவும் கடைசி அளவும் ஒத்துப்போகாத தெருவுக்கு ஒப்பந்ததாரரின் பில்லை மாநகராட்சி நிறுத்திவைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்,
சென்னை - 91