செய்தி எடுக்கிறவர் விளம்பரத்துக்குப் போகக் கூடாது

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய திட்டத்தை நானும் அம்மாவும் உட்கார்ந்து முழுசாகப் படித்தோம். மான்செஸ்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று நம்ம சுற்று வட்டாரத்துக்கு மட்டும் ஒரு செய்தித் தளம் தொடங்கப் போகிறேன் என்கிறாய். அம்மாவுக்குப் பயம். எனக்குப் பயமும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. போனில் சொன்னால் கணக்கு வழக்கெல்லாம் காற்றில் போய்விடும், எழுதி வைத்தால் நீ திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திட்டத்தில் ஒரே ஒரு வரிதான் எனக்கு ஒத்துவரவில்லை. முதல் வருஷம் நிருபர்களே விளம்பரமும் பிடிப்பார்கள், அதில் அவர்களுக்குக் கமிஷன் என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. மற்றதையெல்லாம் பேசிக்கொள்ளலாம், இது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தாலுகா நிருபர் எப்படிப் பிழைக்கிறார் என்று நீ வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள்தான், ஆனாலும் கணக்காக யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஒரு அடையாள அட்டை, அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் ஒரு சின்னத் தொகை, அது பெட்ரோலுக்கே காணாது. குடும்பம் ஓடுவது விளம்பரக் கமிஷனில். பொங்கல் சப்ளிமென்ட், தீபாவளி சப்ளிமென்ட், கோயில் கொடை வாழ்த்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் என்று ஒவ்வொன்றுக்கும் டார்கெட் வரும். காலையில் யாரிடம் கேள்வி கேட்டோமோ அதே ஜவுளிக்கடைக்காரர், அதே பள்ளிக்கூடத் தாளாளர், அதே ஊராட்சித் தலைவர் முன்னால் சாயங்காலம் போய், "அண்ணாச்சி, ஒரு கால் பக்கமாவது போடுங்க" என்று நிற்க வேண்டும். பணமும் உடனே வராது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்‌ஷனுக்கு அலைய வேண்டும், வராத பாக்கியை நிருபர் கணக்கிலேயே கழித்துக்கொள்கிற இடங்களும் உண்டு.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு கல் குவாரி, நேரம் காலம் இல்லாமல் வெடி வைப்பார்கள், பக்கத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு விரிசல். ஒரு பாட்டி வீட்டுச் சுவரில் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதற்குள் பழைய சேலைத் துணியைத் திணித்து, அதற்கு மேல் முருகன் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார், மழைக்காலத்தில் அது வழியாகப் பாம்பு வந்துவிடுமாம். படம் எடுத்தேன், தாசில்தாரிடம் பேசினேன், கனிமவளத் துறையிலும் கேட்டு எழுதி ராத்திரியே அனுப்பிவிட்டேன். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. செய்தியைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் போடுகிற டெஸ்க்கில் கேட்டால், "அவர் பொங்கலுக்கு முழுப் பக்கம் கொடுத்தவராச்சே" என்றார்கள். அந்த முழுப் பக்கத்தை வாங்கிக் கொடுத்தவனே நான்தான், அதில் வந்த கமிஷன்தான் அந்த மாதம் உன் காலேஜ் பீஸுக்குப் போனது. டெஸ்க்கில் இருந்தவர் கெட்ட மனுஷர் இல்லை, குவாரிக்காரரும் யாரையும் மிரட்டவில்லை. பணம் வருகிற வழி அப்படி இருந்தால், யாரும் தப்பு செய்யாமலே செய்தி செத்துவிடும். அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வழி ஏன் இப்படி ஆனது என்றால், நம்ம ஊரில் பேப்பரை யாரும் அதன் அடக்க விலைக்கு விற்றதே கிடையாது. காகிதம், மை, அச்சு, விடிகாலை வேன் எல்லாம் சேர்த்தால் வருகிற செலவை வாசகர் கொடுப்பதில்லை, விளம்பரம்தான் நிரப்பியது. 2005-ல் தினகரன் கைமாறியதும் ஒரு ரூபாய்க்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா, நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. வாசகருக்கு லாபம்தான். ஆனால் செய்திக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே அதோடு இன்னும் கொஞ்சம் கரைந்தது. அப்புறம் ரெண்டு மூன்று வரியில் வருகிற வரி விளம்பரம் போனது. வீடு வாடகைக்கு, பழைய பைக் விற்பனைக்கு, மணமகள் தேவை எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. அமெரிக்காவில் இதையே 1995-ல் ஆரம்பித்த கிரெய்க்ஸ்லிஸ்ட் என்கிற இணைய வரி விளம்பரத் தளம் செய்தது, அங்கே 2005-க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பத்திரிகைகள் காணாமல் போய்விட்டன, முக்கால்வாசி சின்ன ஊர் வாரப் பத்திரிகைகள்தான். இங்கே கடைசி அடி 2020 மார்ச் ஊரடங்கு. பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று வாங்குவதை நிறுத்திய வீடுகளில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை என்று நம்ம ஏஜென்ட் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ எழுதியிருந்த தி மில் கதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 2020-ல் ஜோஷி ஹெர்மன் என்கிற ஒரே ஆள், மான்செஸ்டருக்கு மட்டும் மின்னஞ்சலில் செய்தி அனுப்ப ஆரம்பித்து, மாசா மாசம் காசு கட்டுகிற வாசகர்களை வைத்து அதை வளர்த்து, இப்போது ஷெஃபீல்டு, லிவர்பூல், பர்மிங்காம் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாளைக்கு ஐம்பது செய்தி போட்டு ஓடாமல், வாரத்துக்குச் சில செய்தி, அதையும் ஆற அமரப் போய் விசாரித்து எழுதுகிறார்கள். பார், கச்சேரி மாதிரி இரவுநேரத் தொழில்களுக்கான மேயரின் ஆலோசகரோடு தொடர்புள்ள ஒரு நிறுவனம் கலை மன்றத்தில் 4 லட்சம் பவுண்ட் மானியம் வாங்கிய விண்ணப்பத்தைத் தோண்டியபோது, வழக்குப் போடுவேன் என்று மிரட்டல் வந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை, 2025 ஜனவரியில் அந்த ஆலோசகர் பதவி விலகினார். அந்த ஆள் தி மில்லுக்கு விளம்பரம் கொடுக்கிறவராக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? பிரிஸ்டலில் 2014-லிருந்து வருகிற தி கேபிளை நீ விட்டுவிட்டாய். அது கூட்டுறவு, காசு கட்டுகிற உறுப்பினர்களே முதலாளிகள், எவ்வளவு கட்டினாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பால் சங்கத்தையும் நெசவாளர் சங்கத்தையும் பார்த்த ஊர் நம்மது, அதனால் அந்த முறை நம் ஆட்களுக்குச் சீக்கிரம் புரியும்.

சீமையில் நடப்பது இங்கே நடக்குமா என்று அம்மா கேட்டாள். உத்தரப் பிரதேசம் சித்ரகூட்டில் 2002-ல் ஆரம்பித்த கபர் லஹரியாவைச் சொன்னேன். கிராமத்துப் பெண்கள், நிறையப் பேர் தலித் பெண்கள், பெரிய படிப்பெல்லாம் இல்லாதவர்கள், அவர்களே செய்தி எடுத்து, அவர்கள் பேசுகிற புந்தேலியில் எழுதி, அவர்களே பத்திரிகையைக் கொண்டுபோய் விற்றார்கள். பிறகு காகிதத்தை விட்டுவிட்டுச் செல்போன் வீடியோவுக்கு மாறி இன்றைக்கும் நடத்துகிறார்கள். நன்கொடையும் உதவித்தொகையும் அவர்களுக்குக் கைகொடுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. நீயும் முதல் ரெண்டு வருஷத்துக்கு அப்படி ஏதாவது கிடைத்தால் வாங்கிக்கொள், ஆனால் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று தளத்திலேயே போட்டுவிடு.

சரி, கணக்குக்கு வருகிறேன். வருஷத்துக்கு 500 ரூபாய் கட்டுகிற 2,000 பேர் கிடைத்தால் 10 லட்சம். மாசம் 20,000 சம்பளத்தில் மூன்று பேர் வைத்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் அதில் போகும், மீதி 2 லட்சத்து 80 ஆயிரத்தில் பெட்ரோல், போன், சர்வர், வக்கீல். உனக்கு முதல் வருஷம் ஒன்றும் நிற்காது, அதற்கு நம்ம வீடு இருக்கிறது. 2,000 பேர் எங்கே என்று கேட்பாய். நம்ம நாலு ஊர்க்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சவுதியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார், வாட்ஸப் குரூப்பில் வதந்தியைப் படித்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு உண்மையா என்று கேட்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களிடமிருந்து ஆரம்பி.

அவர்கள் தினமும் திறந்து பார்க்க வேண்டும் என்றால் பெரிய பெரிய விசாரணை மட்டும் போதாது. கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் ஐந்து அணைக்கும் காலை நீர்மட்டம், புளியங்குடி எலுமிச்சை விலை, சங்கரன்கோவில் பூ விலை, நாளைக்கு எங்கே மின்தடை, குற்றாலத்தில் குளிக்க விடுகிறார்களா, வடகரைப் பக்கம் தோப்புக்குள் யானை இறங்கியிருக்கிறதா. இதையெல்லாம் சின்னச் செய்தி என்று ஒதுக்காதே, நாங்கள் ஒரு நாள் அணை அளவு போடாமல் விட்டால் விவசாயிகள் காலையிலேயே கூப்பிட்டுத் திட்டுவார்கள். இதை இலவசமாகவே கொடு, நம்பிக்கை இங்கேதான் பிறக்கும். 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து நெல்லைக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூரில் கொட்டியபோது உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, செய்தி பெரிசாகி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளத்திலிருந்தே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. வயக்காட்டில் ஒரு மூட்டை கிடப்பதைப் பார்த்தவர் யாருக்குப் போன் பண்ணுவார்? அந்த நம்பர் உன் நம்பராக இருக்க வேண்டும்.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனி ஆள் போடு, செய்தி எடுக்கிறவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. ரேட் கார்டை, அதாவது விளம்பரக் கட்டணப் பட்டியலை, தளத்தில் வெளிப்படையாகப் போடு, பாத்திரக் கடைக்கும் எம்.எல்.ஏ. பிறந்தநாளுக்கும் ஒரே ரேட். அச்சுப் பத்திரிகை விளம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், இணைய விளம்பரத்துக்கு 18, கடைக்காரர் அதைக் கேட்டதும் யோசிப்பார், அதனால் முதல் வருஷம் இதை நம்பிச் சம்பளம் பேசாதே. அரசு விளம்பரம் வந்தால் வரட்டும், வருமானத்தில் அது பெரிய பங்காகிவிட்டால் கலெக்டர் அலுவலகத்துச் செய்தியை எழுதும்போது கை தயங்கும். தேர்தல் நேரத்தில் 'பேக்கேஜ்' என்று வந்து நிற்பார்கள், இத்தனை செய்திக்கு இவ்வளவு என்று. காசு கொடுத்துப் போட்ட செய்தி என்று தெரிந்தால் வேட்பாளர் கணக்கில் சேர்க்கத் தேர்தல் ஆணையம் மாவட்டத்துக்கு மாவட்டம் குழுவே வைத்திருக்கிறது, அந்த அளவுக்கு இது நடக்கிறது. பிரஸ் மீட்டில் நீட்டுகிற பணக் கவரும் அதேதான். நிருபருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால்தான் கவரை வாங்காதே என்று அவரிடம் சொல்ல உனக்கு வாய் வரும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் வைத்துவிடாதே, அது வாடகை வீட்டுக்கு மாடி எடுக்கிற மாதிரி. கனடாவில் செய்திக்குக் காசு கொடுக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள் என்று 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் கம்பெனியான மெட்டா அங்கே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே எடுத்துவிட்டது. அதே மாதம் கனடாவின் வடக்கே யெல்லோநைஃப் என்கிற ஊர்ப் பக்கம் காட்டுத்தீ, 20,000 பேர் ஊரைக் காலி பண்ணுகிறார்கள், எந்த ரோடு திறந்திருக்கிறது என்கிற செய்தியைக்கூட அங்கே பகிர முடியவில்லை. வாசகருடைய போன் நம்பரும் மின்னஞ்சலும் உன் கையில் இருக்கட்டும்.

அம்மாவின் பயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது நியாயமானது. 2024 ஜனவரியில் பல்லடத்தில் ஒரு டி.வி. நிருபரை ஆட்கள் பின்தொடர, அவர் போலீசுக்குப் பல தடவை போன் பண்ணியும் கடைசியில் வெட்டுப்பட்டார். சத்தீஸ்கரில் சொந்தமாக யூடியூப் சேனல் நடத்திய முகேஷ் சந்திராகர், 2025 ஜனவரியில் பிஜாப்பூரில் ஒரு ஒப்பந்ததாரரின் இடத்திலிருந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் பிணமாகக் கிடந்தார், அதற்கு முன்னால் அங்கே ரோடு போட்டதில் நடந்த முறைகேடு செய்தியாக வந்திருந்தது. பெரிய ஊர் நிருபருக்குப் பின்னால் ஒரு கட்டடம் நிற்கும், உள்ளூர் ஆளுக்கு அவருடைய வீட்டு விலாசம் எல்லோருக்கும் தெரியும். அதனால் வக்கீல் செலவையும் ஆட்களுக்கு விபத்துக் காப்பீட்டையும் பட்ஜெட்டில் முதல் வரியிலேயே வை. மணல், குவாரி, கந்துவட்டி மாதிரி விஷயங்களில் தனியாளாகப் பெயர் போடாமல் தளத்தின் பெயரில் போடு, அதே செய்தியை வேறொரு பெரிய பத்திரிகைக்கும் கொடுத்துச் சேர்ந்து வெளியிடு. நமக்குத்தான் முதலில் வரவேண்டும் என்கிற ஆசையை அங்கே விட்டுவிடு.

தென்காசி கோர்ட்டில் எனக்குத் தெரிந்த ரெண்டு வக்கீல்களிடம் பேசியிருக்கிறேன், ஒருவர் முதல் வருஷம் பீஸ் வாங்காமல் பார்த்துத் தருகிறேன் என்கிறார். நிருபர் வேலைக்கு ஒரு பெண் இருக்கிறாள், கடையநல்லூர்க்காரி, தமிழ் எம்.ஏ., நகராட்சிக் கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து தானாகவே குறிப்பு எடுப்பாள், நீயே ஒரு தடவை பேசிப் பார். அந்தக் கமிஷன் வரியை எடுத்துவிட்டுச் சம்பளக் கணக்கோடு திட்டத்தைத் திரும்ப அனுப்பு, அம்மா அவள் டெபாசிட்டை உடைக்கலாமா என்று பேங்கில் கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
அப்பா