நீ பறித்த வெள்ளைச் செடி

திருகோணமலை

அன்பின் சிவா,

நலம், நலமறிய ஆவல். இங்கே கச்சான் காற்று வீசி வளவெல்லாம் புழுதியாகக் கிடக்க, நீயோ கனடாவின் ஒன்ராறியோக் காட்டின் ஈரச் சருகுக்குள், மெழுகில் வார்த்தது போலத் தலைகுனிந்து நின்ற ஒன்றை வெள்ளைக் காளான் என்று படம்பிடித்து அனுப்பியிருக்கிறாய். அது காளான் அன்று. மொனோட்ரோபா யுனிஃபுளோரா என்ற பூக்கும் தாவரம். தண்டுக்கு ஒரு பூ, இலைக்குப் பதிலாகச் செதில்கள், பச்சையம் மருந்துக்கும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் கறுத்துவிட்டதே என்று வருந்தாதே. கசங்கினாலோ வாடினாலோ கறுப்பது அதன் இயல்பு. உன் கையில் குற்றமில்லை.

குற்றம் என்னிடந்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக உயர்தர வகுப்பில் இத்தகைய செடிகளை அழுகல்வளரிகள் என்று கரும்பலகையில் எழுதி, உக்கிய இலைகளை உண்பவை என்று படிப்பித்தவன் நான். உண்மையில் உக்கலை உடைத்து உணவாக்கும் வல்லமை அவற்றின் வேருக்குக் கிடையாது. போலந்துத் தாவரவியலாளர் கமியென்ஸ்கி 1881இலேயே இதன் உறவுச் செடியொன்றின் வேரைப் பங்கசு இழைகள், அதாவது காளான் இனத்தின் மண்ணடி இழைகள், போர்த்தியிருப்பதைக் கண்டு, உணவு அவ்வழியாகவே வருகிறது என்றார். 1960இல் சுவீடனைச் சேர்ந்த பியோர்க்மன், அச்செடியின் அருகில் நின்ற பைன், ஸ்புரூஸ் மரங்களில் உணவைக் கடத்தும் உரியத்துக்குள், தடம் பிடிப்பதற்காகக் கதிர்வீசும் காபன் 14 கொண்ட குளுக்கோசைச் செலுத்த, சில நாட்களில் அந்தக் காபன் செடிக்குள் வந்துவிட்டது. மரம் ஒளித்தொகுப்பில் ஆக்கிய வெல்லத்தை, நீரும் கனியுப்பும் கொடுத்துப் பங்கசு பெறுகிறது. அந்தப் பங்கசிடமிருந்து இந்தச் செடி சுரண்டுகிறது.

என் மாமரத்துக் குருவிச்சையை நினைத்துப் பார்த்தேன். அது கிளையில் வெளிப்படையாக ஏறியிருந்து நீரை உறிஞ்சினாலும், தன் பச்சை இலையில் தானும் கொஞ்சம் சமைக்கிறது. கிளையை வெட்டினால் தொல்லை தீர்ந்தது. உன் வெள்ளைச் செடியோ மரத்தைத் தொடுவதே இல்லை.

இத்தீவின் ஈரவலயக் காடுகளிலும் காஸ்ட்ரோடியா சைலானிக்கா என்ற இலையற்ற ஓர்க்கிட் பங்கசை நம்பியே வாழ்கிறது. நம் பக்கத்துப் பாலை மரக் காட்டில் இந்த வகையில் எதையும் நான் கண்டதில்லை. மாரி மழைக்குப் பின் புற்றுக் காளான் பிடுங்கப் போன நாட்களிலும் நாம் தேடியது கறிக்குத்தானே!

அடுத்த முறை பறிக்காமல் விட்டுவிடு. பங்கசைப் பிரிந்தால் தொட்டியில் நட்டாலும் பிழைக்காது. விதை முற்றும்போது குனிந்த தலை நேராக நிமிரும், அப்போது ஒரு படம் எடு. சுற்றி நிற்பவை என்ன மரங்கள், அருகில் ரஸ்ஸுலாக் காளான் ஏதும் குடை விரித்திருக்கிறதா என்றும் பார்த்து எழுது. இச்செடி தங்கியிருப்பது அந்தக் குடும்பத்துக் காளான்களில்தான்.

அன்புடன்,
இராசன்