பாடுபவர் வேறு, பேசுபவர் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலைநாட்டு ராக் பாடல்களில் இனவெறி மலிந்திருப்பதாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அமெரிக்கப் பாடகர் ராண்டி நியூமன் 1972-இல் வெளியிட்ட ‘செயில் அவே’ பாடலின் வரிகளை அவருடைய சொந்தக் கருத்தாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்கர்களிடம் அமெரிக்காவின் சுகங்களை அடுக்கி, கப்பலேறச் சொல்லி ஆசை காட்டும் அந்தக் குரல் அடிமை வியாபாரியுடையது. மெட்டு இனிக்க இனிக்கத்தான் கேட்பவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் வியாசர்பாடிக்கு இந்த உத்தி புதிதல்ல. சென்ற மாதம் இங்கு நடந்த கானாக் கச்சேரியில் ஓர் இளைஞர், வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் ‘எந்த ஏரியா, கறி சமைப்பீங்களா, பொண்ணு வேலை முடிஞ்சு எத்தனை மணிக்குத் திரும்பும்’ என்று துருவும் வீட்டுக்காரராகவே மாறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முன்வரிசைப் பாட்டிமார் சிரித்த சிரிப்பில் டோலக் சத்தமே கேட்கவில்லை. அவர்களில் ஒருவரும் பாடியவரைச் சாதிவெறியர் என்று நினைக்கவில்லை.

இதற்காக எல்லாக் கிண்டலையும் அங்கதம் என்று ஏற்க எனக்கு மனமில்லை. மனைவியை மட்டம் தட்டும் சில கானாக்களில் அந்தக் கணவன் கேலிக்கு ஆளாவதே இல்லை (இதை எங்கள் தெருவில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்). நியூமன் பற்றிய பத்தியையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை - 39