'இப் மேன்' பார்த்துவிட்டு வாதாடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

டானி யென் நடித்து 2008-இல் வந்த 'இப் மேன்' படத்தைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசினால், கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். ஒரு கட்சி, "உண்மைக் கதைங்க, அந்த மனுஷன் நிஜமாவே ஜப்பான்காரங்க பத்துப் பேரை ஒத்தையா நின்னு அடிச்சவர்" என்கிறது. இன்னொரு கட்சி, "சுத்தப் பொய், சீன தேசபக்திக்கு எடுத்த படம், அந்த ஆளே டுபாக்கூர்" என்கிறது. நான் அவர் கற்றுக்கொடுத்த விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பழகத் தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. சேர்ந்ததே இந்தப் படத்தைப் பார்த்த வேகத்தில்தான். படத்துக்கு நன்றிக்கடன் பட்டவன் என்ற உரிமையில் இரண்டு கட்சிக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம்மில் பாதிப் பேர் 'ஐ.பி. மேன்' என்றுதான் சொல்கிறோம், ஸ்பைடர் மேன், பேட் மேன் வரிசையில். அது சாதாரணமான ஒரு கான்டனீஸ் பெயர். இப் என்பது குடும்பப் பெயர். இலை என்று அர்த்தம். மான் என்றால் கேட்பது, வினவுவது. 1893-இல் தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், ஃபோஷான் என்ற ஊரில், வசதியான வீட்டில் பிறந்தவர். இனி இந்த மடலில் இப் மான் என்றே எழுதுகிறேன்.

படத்தை ரசிப்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. வில்சன் யிப் இயக்கம், சாமோ ஹங்கின் சண்டை அமைப்பு, அந்த வருடத்தின் சிறந்த படத்துக்கான ஹாங்காங் திரைப்பட விருது, எல்லாம் தகுதியோடு வந்தவை. அதன் முதல் அரைமணி நேரத்தை இன்னும் எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். சாப்பாட்டு வேளையில் பக்கத்துப் பள்ளியின் மாஸ்டர் ஒருவர் மோதிப் பார்க்க வருகிறார். இப் மான் அவரை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். அப்புறம்தான் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை. வந்தவர் தோற்றது ஊருக்குத் தெரிந்தால் புதிதாகத் திறந்த பள்ளிக்கு யார் வருவார்கள்? குத்து மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. அடுத்து வடக்கிலிருந்து ஜின் என்ற சண்டைக்காரன் வந்து வீட்டுச் சாமானையெல்லாம் உடைக்கிறபோது, இப் மானின் சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளில் நடுவில் வந்து நிற்கிறான்: நீங்க திருப்பி அடிக்கலைன்னா எல்லாம் உடைஞ்சிடும்னு அம்மா சொல்றாங்க. கத்தியோடு நிற்பவனை இப் மான் தூசி தட்டும் இறகுக் குச்சியால் சமாளிக்கிறார்.

இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஜப்பானியப் படை ஊரைப் பிடித்த பிறகு வருகிற அந்தப் பத்துப் பேர் சண்டையைத் திரும்பப் பாருங்கள். நண்பன் லின் அங்கே செத்திருக்கிறான். சாப்பாட்டு வேளையில் மோத வந்த அதே மாஸ்டர் லியு கண்முன்னே சுடப்படுகிறார். அதற்குப் பிறகு இப் மானின் கை எங்கேயும் நிற்பதில்லை. மூட்டை உடைக்கிறது, விழுந்தவனையும் விடாமல் குத்துகிறது. நாம் அந்த இடத்தில் விசில் அடிக்கிறோம். எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். ஒரு மென்மையான மனிதனை அந்தக் கூடம் என்ன ஆக்கிவிட்டது என்பதைத்தான் டானி யென் தன் முகத்தில் காட்டுகிறார். அதை ஒரு சாகசமாக மட்டும் எண்ணுவது அவர் நடிப்புக்கே நாம் செய்யும் குறை.

சரி, உண்மைக்கு வருவோம். படத்தில் வில்லனாக வரும் ஜப்பானிய ஜெனரல் மியூரா என்று ஒருவர் இல்லை. அவரோடு மேடை போட்டு ஊர் கூடி நடந்த அந்தப் போட்டியும் இல்லை. ஜப்பானியர்களுக்குக் கற்றுக்கொடுக்க இப் மான் மறுத்தார் என்று அவர் மரபில் வந்தவர்கள் சொல்வதுண்டு. படம் அந்தச் சின்ன விதையைப் பெரிய மரமாக்கிவிட்டது. ஆக்கிரமிப்பு உண்மை. பசி உண்மை. குடும்பம் சொத்தை இழந்ததும் உண்மை. ஆனால் படத்தில் அவர் குண்டடி பட்டு, போர் நடக்கும்போதே ஹாங்காங்குக்குத் தப்புகிறார். நிஜத்தில் அவர் கிளம்பியது 1949-இல். அப்போது ஜப்பான் தோற்று நாலு வருடம் ஆகிவிட்டது. போருக்குப் பிறகு ஃபோஷானில் தேசியவாத அரசின் காவல்துறையில் வேலை பார்த்தவர் அவர். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் ஊரில் இருக்க வழியில்லாமல் போனது. படத்தின் இப் மானுக்கு அந்தக் காவல் வேலை கிடையாது. போலீஸ் உடை லீ ஜாவ் என்ற இன்னொரு பாத்திரத்துக்குப் போய்விட்டது. சீனப் பெருநிலத்திலும் ஓட வேண்டிய படம் 1949-ஐத் தொடாமல் விலகியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் நாம் அதை வரலாறு என்று சொல்லும்போது, அவரை ஊரைவிட்டுத் துரத்தியது யார் என்பதையே மாற்றிச் சொல்கிறோம்.

அடுத்த படங்களைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்து வெள்ளைக்காரக் குத்துச்சண்டை வீரர் கற்பனை. மூன்றாம் பாகத்தில் மைக் டைசனோடு மூன்று நிமிடம், அதுவும் கற்பனை. நான்காம் பாகத்தில் அவர் சான் பிரான்சிஸ்கோவுக்கே போகிறார். நிஜ இப் மான் அமெரிக்க மண்ணை மிதித்தவர் அல்லர்.

உண்மைக் கட்சி நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும், "பத்துப் பேரை அடிக்க எத்தனை மாசம் ஆகும் மாஸ்டர்?" என்பதுதான். முட்டி உள்நோக்கி மடங்க, அசையாமல் நிற்கச் சொல்வோம். சியூ நிம் தாவ் என்ற முதல் பாடத்தின் முதல் பகுதியில் கை நெஞ்சுக்கு நேரே அங்குலம் அங்குலமாக நகரும், திரும்ப வரும், மறுபடியும் நகரும். ஒரு வாரத்தில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அவர்களிடம் அது நிஜம் என்று சொல்லி அனுப்பாதீர்கள். படம் என்று சொல்லுங்கள், நல்ல படம் என்று சொல்லுங்கள். போதும்.

இன்னொன்று. படம் முடிந்ததும் சிலர் வாயில் ஜப்பானியர்களைப் பற்றி வருகிற வார்த்தைகளை என்னால் கேட்க முடியவில்லை. 1937-இல் ஜப்பான் படையெடுத்த பிறகு சீனாவில் நடந்த கொடுமைகளை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் சண்டைக் காட்சிகளில் உங்கள் நெஞ்சைத் தட்டி எழுப்புகிற அந்த இசையை அமைத்தவர் கென்ஜி கவாய், ஜப்பானியர். மியூராவாக அத்தனை மிடுக்கோடு நிற்கிற ஹிரோயுகி இகேயுச்சியும் ஜப்பானியர். சீனர்களின் வலியைச் சொல்கிற படத்துக்கு அவர்கள் தங்கள் உழைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதை நினைத்துப் பார்த்தாவது அந்த வார்த்தைகளை விழுங்கிவிடுங்கள்.

இப்போது 'டுபாக்கூர்' கட்சிக்கு. படம் பொய் சொன்னது என்பதற்காக அந்த மனிதரையே தூக்கிப் போட்டுவிட்டீர்கள். ஐம்பத்தாறு வயதில் எல்லாவற்றையும் இழந்து, வேற்றூரில் வந்து இறங்கியவரை யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளை. கலையைக் காசுக்கு விற்கத் தேவையே இல்லாமல் வளர்ந்தவர். சிறுவயதில் சான் வா சுன் என்ற முதிய ஆசானிடம் கற்றார். அந்த ஆசான் வகுப்பு நடத்தியதே இப் குடும்பத்துக்குச் சொந்தமான மூதாதையர் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத்தான். அப்படிப்பட்டவர் 1950-இல் கவுலூனில், உணவக ஊழியர் சங்கத்தின் இடத்தில், வயிற்றுப்பாட்டுக்காக முதல் வகுப்பைத் தொடங்குகிறார். முதலில் வந்தவர்கள் உணவகத் தொழிலாளிகள். நாளெல்லாம் தட்டு தூக்கி, அடுப்படியில் வெந்துவிட்டு, அப்புறம் வந்து கைகோத்து சீ சாவ் என்ற ஜோடிப் பயிற்சியைப் பழகியவர்கள். பிறகுதான் வாங் ஷுன் லியுங், அப்புறம் இளவயது புரூஸ் லீ. இன்று உலகத்தில் பெரும்பாலோர் பழகும் விங் சுன் அந்தச் சங்க இடத்திலிருந்து கிளைத்ததுதான். இதற்கு மியூரா தேவையில்லை. ஹெர்மன் யாவ் இயக்கி ஆந்தனி வாங் நடித்த 2013 படம் இந்த ஹாங்காங் நாட்களை ஓரளவு பக்கத்தில் போய்ப் பார்த்தது. பேசுகிறவர்கள் குறைவு, பார்க்காதவர்கள் பாருங்கள்.

இரண்டு கட்சியும் தவறவிட்ட ஒன்றுதான் என்னை இந்த மடலை எழுதவைத்தது. அது அவர் மனைவி சம்பந்தப்பட்டது.

மூன்றாம் பாகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். சியூங் விங் சிங் புற்றுநோயில் மெலிந்துகொண்டே வருகிறார். இப் மான் சவால்களை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவரோடு நடனம் ஆடுகிறார். பயிற்சி மரப்பொம்மையில் நீங்கள் அடிக்கிற சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று மனைவி சொல்ல, அவருக்காக அடித்துக் காட்டுகிறார். தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர் அழுததை நான் பார்த்தேன். நானும் அழுதேன்.

நிஜத்தில் அந்த நடனம் இல்லை. இப் மான் ஹாங்காங்கில், மனைவி ஃபோஷானில். கொஞ்ச நாளில் எல்லை அடைபட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே பெரிய தூரம் ஒன்றும் இல்லை, ஒரே நாளில் போய்விடலாம். ஆனாலும் எல்லை அடைபட்ட பிறகு இருவரும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. 1960-இல் அந்த அம்மா இறந்தபோது இப் மான் எல்லைக்கு ஹாங்காங் பக்கம் இருந்தார். மகன்கள் இப் சுன்னும் இப் சிங்கும் அப்பாவிடம் வந்து சேர்ந்தது 1962-இல். அந்தக் காட்சியைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கை கொடுக்காத ஒரு விடைபெறலைப் படம் அந்த இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் கொடுக்கப்படாமல் போனது எது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் முழு எடையும் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப் மானின் நிஜப் படம் ஒன்று இருக்கிறது. 1972-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், தொண்டைப் புற்றுநோயோடு, எழுபத்தொன்பது வயதில் அவர் பாடங்களைச் செய்துகாட்டி எடுக்கவைத்தது. பின்னால் வருகிறவர்கள் தப்பாகப் பழகிவிடக்கூடாதே என்று. சத்தம் இல்லாத கறுப்பு வெள்ளைத் துண்டு. தேடினால் எளிதாகக் கிடைக்கும். அடுத்த முறை விவாதம் தொடங்கும்போது, தொடங்குவதற்கு முன்னால் அதைச் சேர்ந்து பாருங்கள். எலும்பும் தோலுமான ஒரு வயோதிகர் நின்று, சியூ நிம் தாவின் முதல் கையை நீட்டுகிறார். வேகம் இல்லை, முகத்தில் எந்தப் பாவனையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஒரு வாரத்தில் அலுத்துப்போகிற அதே அசைவுகள். அடுத்து சம் கியூ என்ற இரண்டாம் பாடம். அப்புறம் மரப்பொம்மை முன்னால் வருகிறார். வலு இல்லாத அடிகள். ஆனால் மணிக்கட்டு எந்த இடத்தில் பட வேண்டுமோ அந்த இடத்தில் படுகிறது, முழங்கை விலகுவதில்லை, கால் தன் இடத்துக்குத் தானாகப் போகிறது. மரத்தில் கை படும் சத்தம் மட்டும் நமக்குக் கேட்பதில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்